கல்லறை மயிலாப்பூரில், எலும்புகள் எங்கே?

தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று பிடிவாதம் பிடித்தார் ஒருவர். பின்னாளில் அவருடைய எலும்பைத் தொடுவதற்காக மக்கள் கடல் கடந்து வந்தார்கள். அவர்தான் புனித தோமையார்!

கேரளாவில் இருந்து சென்னைக்கு வரும் ரெயில்கள் பல, ஏலகிரி மலையின் அடிவாரத்தில் உள்ள ஜோலார்பேட்டை வழியாக வருகின்றன. பிறகு வாணியம்பாடி, ஆம்பூர், காட்பாடி. மாலையில் கொச்சிப் பக்கம் ஏறினால், காலையில் சென்னையில் இறங்கிவிடலாம்.

ஏறக்குறைய 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தத் தூரத்தை ஒரு யூதர் கடந்து வந்தார் என்பது தென்னாட்டுக் கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. மலையாளக் கரையில் கப்பலை விட்டு இறங்கிய அவர், மயிலாப்பூரில் வந்து உயிர் விட்டார். நடுவில் எந்த மலையை ஏறினார், எந்த ஆற்றைக் கடந்தார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அவர் இறந்த பிறகு அவருடைய எலும்புகள் போன வழி எழுதப்பட்டிருக்கிறது. அவர் உயிரோடு செய்த பயணத்தைவிட அது நீளம்!

இரட்டையரில் ஒருவர்

தோமா என்றால், அவர் பேசிய அரமேயிக் மொழியில் இரட்டையர் என்று பொருள். கிரேக்க மொழியில் அவரைத் திதிமு என்று அழைத்தார்கள். அதற்கும் அதே பொருள்தான். கூடப் பிறந்த அந்த இன்னொருவர் யார் என்று பைபிள் சொல்லவில்லை.

ஏசுநாதரின் 12 சீடர்களில் தோமையார் ஒருவர். உலகம் அவரைச் சந்தேகக்காரர் என்றே நினைவில் வைத்திருக்கிறது. இது முழு நியாயம் அல்ல.

யூதேயா நாட்டில் ஏசுநாதரைக் கல்லால் அடித்துக் கொல்லச் சிலர் காத்திருந்தார்கள். அந்த நேரத்தில்தான், நண்பர் லாசரு இறந்துபோனதை அறிந்து ஏசுநாதர் அங்கே போகப் புறப்பட்டார். சீடர்கள் தயங்கினார்கள். அவரோடு சேர்ந்து சாவதற்கும் தயார், எல்லோரும் கிளம்ப வேண்டும் என்று மற்றவர்களுக்குத் தைரியம் ஊட்டியவர் தோமையார். அந்தத் துணிச்சலை மறந்துவிட்டோம். சந்தேகத்தை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

அந்தச் சந்தேகம் என்ன?

ஏசுநாதர் சிலுவையில் இறந்து, 3-ம் நாள் உயிர்த்து எழுந்து சீடர்கள் முன் தோன்றினார். அப்போது தோமையார் அங்கு இல்லை. திரும்பி வந்தவரிடம் மற்றவர்கள் மகிழ்ச்சியோடு சொன்னார்கள். அவர் ஏற்கவில்லை. ஆணி அடித்த தழும்பில் தன் விரலை வைக்க வேண்டும். ஈட்டி பாய்ந்த விலாவில் தன் கையை வைக்க வேண்டும். அதன் பிறகே நம்ப முடியும் என்று சொல்லிவிட்டார்.

8 நாள் கழிந்தது. ஏசுநாதர் மறுபடியும் வந்தார். தோமையாரை அழைத்து, கையை நீட்டித் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தோமையார் அவரைத் தன் ஆண்டவர் என்று ஏற்றுக்கொண்டார்.

தொட்டாரா, தொடவில்லையா? ஓவியர்கள் பலர் தொட்டதாகவே வரைந்திருக்கிறார்கள். பைபிளில் அப்படி ஒரு வரி இல்லை!

எலும்புக்குப் பேழை

கண்ணால் பார்த்தால் போதாது, கையால் தொட வேண்டும் என்ற ஆசை தோமையாருக்கு மட்டும் உரியது அல்ல. கண்டியில் புத்தரின் பல்லைப் பேழையில் வைத்து வழிபடுகிறார்கள். சித்தர் சமாதியில் விழுந்து வணங்குகிறோம். தர்காவில் பச்சைப் போர்வையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம்.

ஆதிக் கிறிஸ்தவர்களும் அப்படித்தான் இருந்தார்கள். ரோமாபுரியில் விசுவாசத்துக்காக உயிர் விட்டவர்களின் கல்லறை அருகே கூடி ஜெபம் செய்தார்கள். பிறகு கல்லறைகளின் மேல் கோவில்கள் எழுந்தன. தூரத்து ஊர்களில் இருந்தவர்களுக்கும் ஆசை வந்தது. எலும்புகள் சிறு சிறு துண்டுகளாகப் பிரிந்து பல நாடுகளுக்குப் போயின. இவற்றைத் திருப்பண்டம் என்பார்கள். அவற்றை வைக்க வெள்ளியிலும் தங்கத்திலும் பேழைகள் செய்தார்கள். கை எலும்பு என்றால் கை வடிவப் பேழை. மண்டை ஓடு என்றால் தலை வடிவப் பேழை. தட்டான்களின் திறமை முழுவதும் அதில் இறங்கியது.

போலிகளும் புகுந்தன. ஒரே புனிதருக்கு இரண்டு ஊர்களில் தலை இருந்த கதையும் உண்டு! தோமையார் கதையைக் கேட்கும்போதும் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

விலைக்குப் போன தச்சர்

3-ம் நூற்றாண்டில் எதெஸ்ஸா நகரத்தில் சிரியாக் மொழியில் ஒரு நூல் எழுதப்பட்டது. தோமாவின் பணிகள் என்று அதற்குப் பெயர். திருச்சபை அதைப் பைபிளில் சேர்க்கவில்லை. கற்பனை நிறைய கலந்த நூல். ஆனால் தோமையாரை இந்தியாவோடு சேர்த்துச் சொல்லும் பழைய நூல்களில் இது முக்கியமானது. அதில் உள்ள கதை இது:

சீடர்கள் எருசலேமில் கூடி, யார் எந்த நாட்டுக்குப் போவது என்று சீட்டுப் போட்டார்கள். தோமையாருக்கு இந்தியா விழுந்தது. அவருக்குப் போக விருப்பம் இல்லை. உடம்பில் பலம் இல்லை, மொழியும் தெரியாது என்று மறுத்தார்.

அந்தச் சமயம் ஆபான் என்ற வியாபாரி ஊருக்கு வந்திருந்தார். குந்தபர் என்ற இந்திய அரசர் நல்ல தச்சனை வாங்கிவரும்படி அவரை அனுப்பியிருந்தார். ஏசுநாதர் கடைத்தெருவில் அந்த வியாபாரி முன் தோன்றி, தன்னிடம் ஓர் அடிமைத் தச்சன் இருப்பதாகச் சொல்லித் தோமையாரைக் காட்டினார். பேரம் முடிந்தது. பத்திரமும் எழுதிக் கொடுத்தார்! இவர்தான் உன் எஜமானரா என்று வியாபாரி கேட்டபோது, தோமையாரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. மறுநாள் பேசாமல் கப்பல் ஏறினார்.

என்ன வேலை தெரியும் என்று கேட்டார்கள். மரத்தில் ஏர், நுகத்தடி, துடுப்பு செய்வேன். கல்லில் தூணும் அரண்மனையும் கட்டுவேன் என்றார். அரசருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இடத்தைக் காட்டி, பணத்தையும் கொடுத்துவிட்டுப் போனார்.

தோமையார் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. பணம் முழுவதையும் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் கொடுத்துவிட்டார். அரசர் ஆள் அனுப்பி விசாரித்தார். அரண்மனை முடிந்தது, கூரை மட்டும் பாக்கி என்று பதில் போயிற்று. கூரைக்கும் பணம் வந்தது. அதுவும் ஏழைகளுக்கே போய்ச் சேர்ந்தது!

அரசர் நேரில் வந்தார். அரண்மனையைக் காணோம். கேட்டதற்கு, அது தயாராகத்தான் இருக்கிறது. இந்த உலகத்தை விட்டுப் போன பிறகே அதைப் பார்க்க முடியும் என்றார் தோமையார். அரசர் அவரைச் சிறையில் தள்ளினார். எப்படிக் கொல்லலாம் என்று இரவெல்லாம் யோசித்தார்.

அன்று இரவே அரசரின் தம்பி இறந்தான். மேல் உலகத்தில் தேவதூதர்கள் அவனுக்குப் பல மாளிகைகளைக் காட்டினார்கள். மிக அழகான ஒன்றின் கீழ்த்தளத்திலாவது குடியிருக்க அனுமதி கேட்டான். அது உன் அண்ணனுக்காகத் தோமையார் கட்டியது என்று மறுத்துவிட்டார்கள். உடனே அவன் உயிர் பெற்று எழுந்து, அந்த மாளிகையை விலைக்குத் தரும்படி அண்ணனைக் கெஞ்சினான். அரசருக்கு அப்போதுதான் விளங்கியது. சிறைக் கதவு திறந்தது.

குந்தபர் என்று ஓர் அரசரே இல்லை, வெறும் கதை என்றுதான் பல காலம் எண்ணிக்கொண்டிருந்தார்கள். 19-ம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தானத்திலும் பஞ்சாபிலும் அவர் பெயர் பொறித்த காசுகள் கிடைத்தன. முதல் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்டவர் அவர். மாளிகை கற்பனையாக இருக்கலாம். அரசர் கற்பனை அல்ல!

கல்லறையைத் திறந்த அரசர்

பிறகு தோமையார் மஸ்தை என்ற இன்னோர் அரசரின் நாட்டுக்குப் போனார். அங்கே அரசியும் அரண்மனைப் பெண்களும் அவர் சொல்லைக் கேட்டு மனம் மாறினார்கள். அரசருக்குக் கோபம் மூண்டது. நான்கு வீரர்களிடம் அவரை ஒப்படைத்தார். ஊருக்கு வெளியே ஒரு மலைக்குக் கொண்டுபோனார்கள். தோமையார் ஜெபம் செய்து முடித்ததும், ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். ஆணித் தழும்பையும் ஈட்டிக் காயத்தையும் தொட்டுப் பார்க்கக் கேட்டவர், ஈட்டியாலேயே இறந்தார்.

கதை இதோடு முடியவில்லை. பல நாள் கழித்து மஸ்தையின் மகன் நோயில் விழுந்தான். வைத்தியம் பலிக்கவில்லை. தோமையாரின் எலும்பு ஒன்றை எடுத்து மகனின் உடம்பில் கட்டினால் குணமாகும் என்று அரசர் நினைத்தார். கல்லறையைத் திறந்தார். உள்ளே எலும்பு இல்லை! தோமையாரின் சகோதரர்களில் ஒருவர் அவற்றை ரகசியமாக மேற்கே கொண்டுபோய்விட்டார். அரசர் அந்த இடத்து மண்ணை எடுத்து மகனுக்கு இட்டார். மகன் பிழைத்தான்.

அந்தப் பழைய நூல் எழுதப்பட்ட காலத்திலேயே கல்லறை காலி என்று சொல்லியாகிவிட்டது. எஞ்சியது மண். இதை நினைவில் வையுங்கள். மண் மறுபடியும் வரப்போகிறது.

முசிறியில் இருந்து மயிலைக்கு

தென்னாட்டு மரபு வேறு வழியில் போகிறது. கி.பி. 52-ல் தோமையார் முசிறித் துறையில் வந்து இறங்கினார் என்கிறார்கள் கேரளக் கிறிஸ்தவர்கள். இன்றைய கொடுங்கல்லூர்ப் பக்கம் அது. யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய துறை என்று சங்கப் பாடல்களில் படித்திருக்கிறோமே, அதே முசிறி! அங்கே யூத வியாபாரிகளும் வந்து தங்கியிருந்ததாகச் சொல்வார்கள். கேரளாவில் ஏழு இடங்களில் அவர் சபைகளை அமைத்தார் என்பது நம்பிக்கை.

பிறகு கிழக்குக் கரைக்கு வந்தார். சைதாப்பேட்டை அருகே சின்னமலைக் குகையில் ஒளிந்திருந்தார். அங்கிருந்து பெரிய மலைக்குத் தப்பிப் போனார். அங்கே ஜெபம் செய்துகொண்டிருந்தபோது கி.பி. 72-ல் ஈட்டியால் குத்தப்பட்டார் என்பது சென்னை மரபு. அந்தப் பெரிய மலைதான் பரங்கிமலை. தோமையார் மலை என்றும் பெயர். உடலை மயிலாப்பூர்க் கடற்கரையில் அடக்கம் செய்தார்கள்.

இதற்கெல்லாம் அந்தக் காலத்துக் கல்வெட்டோ ஏடோ கிடையாது. சரித்திர ஆசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஆனால் கப்பல் வழி இருந்தது, வியாபாரம் இருந்தது, யூதர் ஒருவர் வந்திருக்க முடியும் என்பதை மறுக்கிறவர்கள் குறைவு.

வெள்ளிப் பெட்டி

எலும்புகளை மேற்கே கொண்டுபோனவர் ஒரு வியாபாரி என்று 4-ம் நூற்றாண்டில் வாழ்ந்த எப்ரேம் என்ற சிரியாக் கவிஞர் பாடியிருக்கிறார். ஆம்பூரில் இருந்தும் ராணிப்பேட்டையில் இருந்தும் தோல் சரக்கு கப்பலேறி ஐரோப்பா போவதைப் பார்க்கிறவர்களுக்கு இதில் வியப்பு இராது. சரக்கு போகும் வழியில் எதுவும் போகும்.

எலும்புகள் போய்ச் சேர்ந்த ஊர் எதெஸ்ஸா. இப்போது துருக்கியில் உர்பா என்று அதற்குப் பெயர். கி.பி. 394-ல் அங்கே பெரிய கோவிலுக்குள் அவற்றை மாற்றினார்கள். 442-ம் ஆண்டு வாக்கில் அனத்தோலியு என்ற படைத்தளபதி அவற்றுக்கு வெள்ளிப் பெட்டி செய்து கொடுத்தார்.

ஜூலை 3-ந் தேதி தோமையார் திருநாள் கொண்டாடுகிறோம் அல்லவா? எலும்புகள் எதெஸ்ஸாவுக்கு வந்து சேர்ந்த நாள் என்று பழைய குறிப்புகள் சொல்லும் நாள் அது.

அங்கேயும் நிம்மதி இல்லை. 1144-ல் செங்கி என்ற தளபதி எதெஸ்ஸாவைப் பிடித்தார். எலும்புகள் கிரேக்கத் தீவான கியோசுக்குப் போயின. 1258-ல் இத்தாலியின் ஓர்டோனா ஊரைச் சேர்ந்த கப்பல் தலைவன் லியோனே, கியோசுத் தீவில் இறங்கினான். கோவிலுக்குள் புகுந்து எலும்புகளை எடுத்துக்கொண்டான். கல்லறை மேல் இருந்த கல்லையும் விடவில்லை! அதில் தோமையார் உருவமும் கிரேக்க எழுத்தில் அவர் பெயரும் இருந்தன. செப்டம்பர் 6-ந் தேதி கப்பல்கள் ஓர்டோனா வந்து சேர்ந்தன. இது திருட்டா, பக்தியா? அந்தக் காலத்தில் இரண்டும் சேர்ந்தே நடந்தன.

1566-ல் துருக்கியக் கப்பற்படை ஓர்டோனாவுக்குத் தீ வைத்தது. கோவில் எரிந்தது. எலும்புகள் தப்பின. 1943 டிசம்பரில் ஜெர்மானியருக்கும் கனடா படைக்கும் அந்த ஊரின் தெருத் தெருவாகச் சண்டை நடந்தது. கோவிலில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அதே மாதத்தில், ஓர்டோனாவுக்குப் பக்கத்திலேயே 8-வது இந்தியப் படைப்பிரிவு போரிட்டுக்கொண்டிருந்தது. இந்தியாவில் இறந்தவரின் எலும்புகள் இருந்த ஊருக்கு, இந்தியச் சிப்பாய்கள் அவ்வளவு அருகில் வந்தார்கள்! போர் முடிந்ததும் கோவிலைத் திரும்பக் கட்டினார்கள். எலும்புகள் அங்கேதான் இருக்கின்றன.

சிவந்த மண்

எலும்பு போன பிறகு மயிலாப்பூர் என்ன ஆயிற்று?

மக்கள் வருவதை நிறுத்தவில்லை. 1290-களில் வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோ இந்தக் கரையைப் பற்றி எழுதினார். சிறிய ஊர், வியாபாரம் இல்லை. ஆனால் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் யாத்திரை வருகிறார்கள் என்கிறார். தோமையார் இறந்த இடத்தில் சிவந்த மண்ணை எடுத்துப் போகிறார்கள்; காய்ச்சல்காரர்களுக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கிறார்கள் என்கிறார். மஸ்தை அரசரின் மகன் கதை வந்து ஆயிரம் ஆண்டு கழிந்தும், மண்தான் மருந்து!

போலோ கேட்ட மரணக் கதை வேறு. தோமையார் குடிசைக்கு வெளியே ஜெபம் செய்துகொண்டிருந்தார். சுற்றிலும் மயில்கள். மயிலைக் குறிவைத்த வேடன் ஒருவனின் அம்பு தவறி அவர் விலாவில் பாய்ந்தது. மயிலாப்பூருக்குப் பொருத்தமான கதைதான்!

1523-ல் போர்ச்சுக்கீசியர் அந்தப் பழைய கல்லறையைத் தோண்டினார்கள். ஆழத்தில் சில எலும்புகள் கிடைத்தன. ஓர் ஈட்டி முனை கிடைத்தது. அதோடு ஒரு மண் குடம். அதற்குள்ளும் மண்தான்! கிடைத்ததைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். எலும்புகள் எதெஸ்ஸா போயிருந்தால் இவை யாருடையவை? ஒரு பகுதிதான் போயிற்று, மீதி இங்கேயே இருந்தது என்பது நம்புகிறவர்களின் பதில். ஆராய்ச்சியாளர்கள் எல்லோரும் அதை ஏற்கவில்லை.

1547-ல் பரங்கிமலையில் கோவில் கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது கற்சிலுவை ஒன்று கிடைத்தது. அதைச் சுற்றியிருந்த எழுத்து பழைய பாரசீகத்துப் பகலவி எழுத்து. போர்ச்சுக்கீசியருக்குப் பல நூற்றாண்டு முன்பே இந்தக் கரையில் கிறிஸ்தவர்கள் வாழ்ந்ததற்கு இந்தக் கல்லே சாட்சி.

வலது கை

1953-ல் ஓர்டோனாவில் இருந்து ஓர் எலும்பு இந்தியா வந்தது. கர்தினால் திஸ்ஸரான் அதைக் கொடுங்கல்லூருக்குக் கொண்டுவந்தார். அழிக்கோட்டில் ஆற்றின் கரையில் அதற்கென்று கோவில் இருக்கிறது. அது வலது கை எலும்பு. ஏசுநாதரின் விலாவைத் தொட நீட்டிய கை என்று மலையாளக் கிறிஸ்தவர்கள் அதை வணங்குகிறார்கள்.

1964 டிசம்பரில் போப் ஆண்டவர் 6-ம் பால் பம்பாய் வந்தபோது, இந்திய அரசு தோமையாருக்கு 15 பைசா தபால் தலை வெளியிட்டது. அதில் அச்சிட்ட படம் மயிலாப்பூரில் உள்ளது அல்ல. ஓர்டோனாவில் உள்ள தோமையார் சிலை!

மயிலாப்பூரில் போர்ச்சுக்கீசியர் கட்டிய பழைய கோவிலை 1893-ல் இடித்து, 1896-ல் இன்று நாம் காணும் வெள்ளைக் கோவிலை ஆங்கிலேயர் காலத்தில் கட்டி முடித்தார்கள். உயர்ந்த கோபுரத்தைத் தவிர, நடுவில் சின்னக் கோபுரம் ஒன்றும் உண்டு. கல்லறை இருக்கும் இடத்துக்கு அது அடையாளம். 1956-ல் போப் ஆண்டவர் 12-ம் பத்திநாதர் இதைப் பசிலிக்கா ஆக்கினார். 1986 பிப்ரவரி 5-ந் தேதி 2-ம் ஜான் பால் வந்து கல்லறையில் முழந்தாளிட்டு ஜெபித்தார்.

2004-ல் கல்லறைக்கு நிலத்தடியில் தனிச் சிற்றாலயமும் தனி வழியும் அமைத்தார்கள். மேலே பூசை நடந்தாலும், கீழே யார் வேண்டுமானாலும் போய் வரலாம். ஈட்டி முனையும் சிறிய எலும்புத் துண்டும் பேழையில் இருக்கின்றன. எல்லா மதத்தாரும் வருகிறார்கள். படி இறங்கி, கல்லறை முன் மண்டியிட்டு, கையை நீட்டித் தொட்டுவிட்டு எழுந்து போகிறார்கள்.